மீட்க வராத கோழி

ச்சிபா சந்தையின் கடைசியில், மாமரத்தை ஒட்டி அந்த மாவு மில் இருந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கினால் மரத்திலிருக்கும் காய்களும் சேர்ந்து நடுங்கும். மில் கூட்டுறவுச் சங்கத்துடையது. ஓட்டுகிறவர் யோரம் ஷாவா. புருவம், காது மடல், மீசை எல்லாம் சோள மாவு படிந்து, உப்பில் புரட்டியெடுத்த கருவாடு மாதிரி இருப்பார். காஸாமா ஊரில் பாதிப் பெண்கள் அவரை நம்பித்தான் சோள மூட்டையை வைத்துவிட்டுப் போவார்கள். தக்காளி விற்று, தலை பின்னிக்கொண்டு, ஊர்வம்பு பேசி முடித்துச் சாவகாசமாகத் திரும்பினால் மாவு சூடு ஆறித் தயாராக இருக்கும். ஒரு கைப்பிடி குறைந்தது என்று இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை.

அந்த மனிதர் மேல்தான் இப்போது சைக்கிள் திருட்டு வழக்கு. தீர்ப்பு எதிராகப் போனால் சிறை. சிறைக்குப் போய் வந்தவனிடம் யார் மூட்டையை விட்டுப் போவார்கள்? மில் சாவியைச் சங்கத்தார் வாங்கிக்கொள்வார்கள்.

அவருக்காக வாதாட இலவச சட்ட உதவி அலுவலகம் லோம்பேயை அனுப்பியிருந்தது. முப்பது வயது கடந்தவள், பெம்பா இனத்துப் பெண், எதையும் நிதானமாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற சுபாவம். அவள் மில்லுக்குப் போன அன்று, அந்த வருஷத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. சந்தைத் தெருவெல்லாம் செம்மண் சேறு. வழிநெடுகப் பெண்கள் வாளி வாளியாக ஈசல் வைத்து விற்றார்கள்.

யோரம் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார்.

"வாங்க வக்கீலம்மா. மூட்டை மேலயே உக்காருங்க. உங்க ஆளுங்க சோளந்தான், ஒண்ணும் கோவிச்சுக்காது. குரங்குக் கறி சாப்பிட்ட உடம்பாச்சே, தாங்குமான்னுதான் பாக்கறேன்."

லோம்பே சிரித்துவிட்டாள். யோரம் ங்கோனி இனத்தவர். பெம்பாக்களும் ங்கோனிகளும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள். சண்டை ஓய்ந்த பிறகு அந்தப் பகை அப்படியே கேலியாகிவிட்டது. பெம்பாக்கள் ங்கோனிகளை எலிதின்னி என்பார்கள், ங்கோனிகள் பெம்பாக்களைக் குரங்குதின்னி என்பார்கள். முகம் தெரியாதவனாக இருந்தாலும் சரி, பஸ்ஸில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவனாக இருந்தாலும் சரி, முறை முறைதான். கோபப்படக் கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

சாவு வீட்டில் இந்த முறைக்கு உரிமை அதிகம். முறைக்காரர்கள் வந்து சவத்தைத் திட்டுவார்கள். செத்தவர் நடந்த மாதிரி நடந்து காட்டுவார்கள். அடுப்பிலிருக்கும் கறியைச் சட்டியோடு தூக்குவார்கள். கண்ணில் பட்ட சாமானை எடுத்துக்கொண்டு போவார்கள். அழுதுகொண்டிருக்கிறவர்கள் சிரிக்க வேண்டும், அதற்குத்தான். துக்கம் கழிந்த பிறகு வீட்டுக்காரர்கள் ஒரு கோழியோடு போய், நாலு வசவு வாங்கி, நாலு வசவு கொடுத்து, சாமானை மீட்டுக்கொண்டு வருவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பஸ் நிலையத்தில் தையல் மிஷின் போட்டிருந்த லாசரஸ் காபெம்பா என்ற பெம்பாக்காரர் செத்துப்போனார். யோரம் அந்தச் சாவுக்குப் போய், லாசரஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, அழுகிற பெண்களுக்கெல்லாம் இடுப்பு அளவெடுத்திருக்கிறார். பிறகு லாசரஸின் சைக்கிளில் ஏறி, மணியடித்துக்கொண்டே போய்விட்டார். இதுவரைக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்கிற கதை.

கோழி வரவில்லை. போலீஸ்தான் வந்தது.

புகார் கொடுத்தவன் லாசரஸின் தங்கை மகன் காசோண்டே. பெம்பாக்களில் மகனுக்கல்ல, தங்கை மகனான மருமகனுக்குத்தான் சொத்து என்பதால் எல்லாம் அவன் பொறுப்பு. தெற்கே லிவிங்ஸ்டனில் வளர்ந்தவன், சபையில் மூப்பன். சாவு வீட்டில் கெட்ட வார்த்தை பேசிக் கூத்தடிப்பது பாவம் என்றும், அந்தக் கூத்துக்குக் கோழி கொடுப்பது அதைவிடப் பாவம் என்றும் லாசரஸின் மனைவியான அத்தையிடம் சொல்லிவிட்டான்.

லோம்பே கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள். எடுத்தது நிஜமா? நிஜம். எல்லார் முன்னாலுமா? எல்லார் முன்னாலும். திருப்பித் தரணும்னு நினைச்சீங்களா?

"இல்லையே," என்றார் யோரம்.

லோம்பேயின் பேனா நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நானாக் கொண்டுபோய்க் குடுத்தா அது என்ன முறை? அவங்க வரணும். வந்தா குடுப்பேன். வரலைன்னா ஓட்டுவேன்."

கோர்ட்டில் இந்த மனிதரைக் கூண்டில் ஏற்றிப் பேச வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் அவள் கண் அலமாரிப் பலகைக்குப் போனது. கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் டப்பா. விளிம்பில் பச்சை வழிந்து காய்ந்திருந்தது. பிரஷ் அதற்குள்ளேயே விறைத்துப்போய் நின்றது.

புகாரில் எழுதியிருப்பது கறுப்பு சைக்கிள். போலீஸ் இந்த மில் வாசலில் கைப்பற்றியது பச்சை சைக்கிள். பின்னால் லாசரஸ் பற்றவைத்திருந்த இரும்பு கேரியரை வைத்துத்தான் காசோண்டே அடையாளம் சொன்னான்.

"பெயின்ட் அடிச்சது நீங்கதானா?"

"நாந்தான்."

"எதுக்கு?"

யோரம் கூரையைப் பார்த்தார். மாவு படிந்த முகத்தில் எது சிரிப்பு, எது மழுப்பல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அதை லாசரஸைத்தான் கேக்கணும்."

"செத்தவரை எப்படிக் கேக்கறது?"

"அதான் கஷ்டம்," என்று சொல்லிவிட்டு அவர் எஞ்சினைக் கிளப்பப் போய்விட்டார். வெளியே நாலு பெண்கள் மூட்டையோடு நின்றிருந்தார்கள்.

லோம்பே சேற்றில் கால் வழுக்க வழுக்க வீட்டுக்கு நடந்தாள். மற்றவருடைய சாமானை எடுத்துவந்து நிறம் மாற்றுகிறவனுக்கு ஊரில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. சட்டம் படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் அதில் வித்தியாசமில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. வழக்கை ஜெயிப்பது சுலபம். புகாரில் கறுப்பு, கோர்ட்டில் பச்சை. 'இது அந்தச் சைக்கிளே இல்லை' என்று எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தப் பெயின்ட் அவரைத் திருடனாகக் காட்டியதோ அதே பெயின்ட் அவரை விடுவித்துவிடும். அது அந்தச் சைக்கிள்தான் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அப்படிச் செய்யாமல் முறையைச் சொல்லி வாதாடினால்? உண்மையிலேயே திருடனாக இருந்து, முறையைச் சொல்லித் தப்பித்தால், அடுத்த மாதமே ஊரிலிருக்கிற ஒவ்வொரு திருடனும் சாவு வீட்டுக்கு வந்து நிற்பான். பிறகு சனங்கள் முறைக்காரர்களைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். சாவு வீட்டில் வெறும் சாவு மட்டுந்தான் இருக்கும்.

அவளுக்கு இது வெறும் ஊர் வழக்கமில்லை. அவள் அப்பா செத்த அன்று, ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒரு ங்கோனிக்காரன் அழைக்காமலே வந்து, அப்பாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பா மாதிரியே ரேடியோவோடு சண்டை போட்டான். மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த அம்மா அன்றைக்குத்தான் சிரித்தாள். கண்ணாடியை மீட்கக் கோழியோடு போனவள் லோம்பே. அந்தக் கோழியை அறுத்துச் சமைத்து அவளையே சாப்பிடவைத்து அனுப்பிய லாக்சன் ஜெரேதான் இப்போது அவள் புருஷன்.

அன்று சாயங்காலம் லாக்சன் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்து, ஈசலைச் சிறகு புடைத்து, உப்புப் போட்டு வறுத்து வைத்திருந்தான். லோம்பே களி கிண்டினாள். வேர்க்கடலைப் பொடி போட்ட மரவள்ளிக் கீரையும் இருந்தது. மழை இருட்டு கட்டியிருந்தாலும் நல்ல சாப்பாடு. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வம்பிழுத்துக்கொண்டே சட்டியை வழித்திருப்பார்கள். லாக்சன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"என்ன, எங்காளை உள்ள தள்ளிட்டு உங்க சனத்துக்கு விருந்து போடப் போறியா? குரங்கு எங்க கிடைக்கும்னு நான் வேணா விசாரிக்கட்டுமா?"

"சிரிக்காதீங்க." லோம்பேயின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உங்க ஆளுங்களுக்கு நல்ல வசதி. எடுக்கறதை எடுத்துட்டு முறைம்பீங்க. திருட்டுக்கு இவ்வளவு அழகான போர்வை வேற எங்கயும் கிடைக்காது."

லாக்சனின் கை தட்டில் அப்படியே நின்றது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் இந்தக் கேலிக்குக் கோபப்பட்டது இதுதான் முதல் தடவை. மீதிக் களியைச் சாப்பிட்டான், கையைக் கழுவினான், அவள் தட்டையும் சேர்த்துக் கழுவிவைத்தான். வைதிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வழக்கு நாள் காலை, லோம்பே கோர்ட்டுக்கு உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தால், கறுப்புத் தோல் செருப்பில் ஒன்றுதான் இருந்தது. இடது காலைக் காணோம். கட்டிலடியில் பார்த்தாள், கரி மூட்டைக்குப் பின்னால் பார்த்தாள், பக்கத்து வீட்டு நாயைக்கூடச் சந்தேகப்பட்டாள். லாக்சன் வேலைக்குப் போய் வெகுநேரமாகியிருந்தது. வேறு வழியில்லாமல் குளிக்கப் போகும்போது போடுகிற நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கோர்ட் தாழ்வாரத்தில் கூட்டம் நெரிந்தது. மில்லுக்கு வரும் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். ஓரத்துப் பெஞ்சில் லாசரஸின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மூத்த மகன் கத்தோங்கோ என்பதால் ஊரில் அவளுக்கு பானா கத்தோங்கோ என்றுதான் பெயர், கத்தோங்கோவைப் பெற்றவள். கறுப்புத் துணி தலையில், மடியில் ஒரு கூடை. கூடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணிக்குள் ஏதோ அசைந்து கொக்கரித்தது. கோர்ட் முடிந்து சந்தைக்குப் போவாள் போலிருக்கிறது என்று லோம்பே நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் புது சூட்டும் புதுத் தொப்பியுமாகக் காசோண்டே நின்று, கூடையை வெளியே வைத்துவிட்டு வரும்படி அத்தையிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

லோம்பே யோரமைத் தனியாகக் கூப்பிட்டாள். கறுப்பு, பச்சை விஷயத்தை விளக்கினாள். சுருக்கமாக, தெளிவாக, தன் மனசுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதைக் காட்டிக்கொள்ளாமல் விளக்கினாள். கட்சிக்காரருக்கு இருக்கிற வழிகளைச் சொல்வது வக்கீலின் கடமை. இந்த வழியில் போனால் பத்து நிமிஷத்தில் அவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

யோரம் பதறிப்போனார். "அது லாசரஸ் சைக்கிள் இல்லைன்னு சொல்லப் போறீங்களா?"

"போலீஸ்தான் நிரூபிக்கணும்னு சொல்லப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். வேண்டாம்மா. அது அந்தச் சைக்கிள் இல்லைன்னா, நான் என்ன எடுத்தேன்? கூட்டாளி சாவுக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்தேன்னு ஆயிடும். ஊர்ல தலைகாட்ட முடியுமா?"

"ஜெயிலுக்குப் போனா தலைகாட்ட முடியுமா?"

அவர் யோசித்தார். இரண்டுமே கஷ்டந்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு, "பானா கத்தோங்கோவைக் கேளுங்க. சைக்கிளைப் பத்தி அவளையே கேளுங்க," என்றார்.

"அவங்க எதிர்த்தரப்புச் சாட்சி. மருமகன் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கான். என்ன சொல்வாங்கன்னு தெரியாம நான் கேக்க முடியாது. தப்பாச் சொல்லிட்டா அதோட நீங்க போச்சு. நீங்களே சொல்லுங்களேன், பெயின்ட் எதுக்கு?"

"நான் சொல்லக் கூடாது. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்." அவர் பார்வை கீழே இறங்கியது. நீல ரப்பர் செருப்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மாவு இல்லாத முகத்தில் இப்போது சிரிப்பு நன்றாகவே தெரிந்தது. "உங்க வீட்டுக்காரர் எங்காளுன்னு சொன்னாங்க. செருப்பை எடுத்துட்டாரா?"

லோம்பேக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி ஹமூங்கா தெற்கத்திக்காரர், டோங்கா இனம். காஸாமாவுக்கு வந்து ஆறு மாதந்தான் ஆகிறது. பெம்பா பேச்சு அவருக்கு ஓடாது என்பதால் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். அரசுத் தரப்பில் இன்ஸ்பெக்டர் லிசெலி. சைக்கிளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

காசோண்டே சாட்சி சொன்னான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் சைக்கிள் கறுப்பு என்றான், கேரியரை வைத்து அடையாளம் கண்டேன் என்றான், போலீஸ் வரும்வரை திருப்பித் தரவில்லை என்றான். மாமாவை நினைத்து அவனுக்குக் குரல் கம்மியது. நல்ல பையன்தான், தப்பான புத்தகத்தைப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்திருக்கிறான் என்று லோம்பேக்குத் தோன்றியது.

குறுக்கு விசாரணைக்கு அவள் எழுந்தாள். கறுப்பு சைக்கிள் என்றுதானே புகார்? ஆமாம். இது என்ன நிறம்? பச்சை. இதோடு நிறுத்தி உட்கார்ந்தால் போதும். நீதிபதியே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். லிசெலியின் முகம் வாடியது. லோம்பே கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். யோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் சைக்கிளைப் பறிகொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அடுத்த சாட்சி பானா கத்தோங்கோ. கூடையையும் தூக்கிக்கொண்டே மேடை ஏறினாள். இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். எடுத்துக்கிட்டுப் போனார். திருப்பித் தரலை. புருஷன் செத்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை என்று சந்தையில் சொல்வார்கள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

லோம்பே எழுந்தாள். விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பதுதான் அவள் கற்ற முதல் பாடம். இந்த அம்மாள் 'கறுப்பா இருந்துச்சு, மறைக்கத்தான் பச்சை அடிச்சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மில் சாவி போய்விடும், யோரமும் போய்விடுவார். ஆனால் கட்சிக்காரர் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவளுக்கும் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. வக்கீலாக அல்ல, மூக்குக் கண்ணாடியை மீட்கக் கோழியோடு போனவளாக.

"அம்மா, இந்தச் சைக்கிள் முதல்முதலா உங்க வீட்டுக்கு வந்தப்ப என்ன நிறம்?"

பானா கத்தோங்கோ தலையை நிமிர்த்தி, அன்றைக்கு முதல் தடவையாகச் சைக்கிளைப் பார்த்தாள்.

"பச்சை," என்றாள்.

காசோண்டே நிமிர்ந்து உட்கார்ந்தான். லோம்பே ஒரு அடி முன்னால் வந்தாள். "எங்கேயிருந்து வந்துச்சு?"

அந்த அம்மாள் மருமகனைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பச் சொன்னார். அப்போதும் திறக்கவில்லை. அந்த நேரத்தில், கூண்டுக்குள் இருந்து யோரமின் குரல் வந்தது.

"பாவம், விடுங்கம்மா. குரங்கு மூளை சாப்பிட்டுச் சாப்பிட்டு ஞாபகம் போச்சு."

நீதிபதி மேசையைத் தட்டினார். கூண்டிலிருப்பவர் வாயைத் திறந்தால் தனியாக ஒரு தண்டனை உண்டு என்றார். அதை மொழிபெயர்க்க நேரமில்லை. பானா கத்தோங்கோ கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கூண்டைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

"யாருக்குடா ஞாபகம் போச்சு, எலிப் பொந்துல கை விடறவனே? உங்கப்பன் செத்தப்ப எங்க வீட்டுக்காரர் எடுத்துட்டு வந்த சைக்கிள் இது. உங்கப்பன் சைக்கிள். கோழியோட வருவான் வருவான்னு நானும் அவரும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தோம். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்தியா? உன் கோழி முட்டைக்குள்ளயே இருக்கா இன்னும்?"

கோர்ட் கொல்லென்று சிரித்தது. மில் பெண்கள் தொடையில் தட்டிக்கொண்டார்கள். நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தார், மூடினார், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கறுப்பு எப்ப வந்துச்சு?" லோம்பே விடவில்லை.

"எங்காளு அடிச்சாரு. இவன் வெறுப்பேறணும்னு. பச்சைன்னா இவங்கப்பனுக்கு உசுரு. அதனால கறுப்பு அடிச்சு, தினமும் கடை தொறக்கப் போறப்ப இவன் மில்லு வாசல்ல நின்னு மணியடிச்சுட்டுப் போவாரு. இவன் உள்ளேயிருந்து வைவான். அதைக் கேக்கலைன்னா அவருக்குத் தைக்க வராது." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "இவன் எடுத்துட்டுப் போனப்பவே எனக்குத் தெரியும், பச்சையாக்கிடுவான்னு. இப்ப எங்க வீட்டு வழியா மணியடிச்சுட்டுப் போவான்னு காத்துக்கிட்டிருந்தேன். போலீஸ்ல புடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"அதான் ரெண்டு நாள் அடிச்சேனே, நீ வெளிய வரலையே," என்றார் யோரம்.

"காது அடைச்சுப் போச்சுடா அழுது அழுது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரித்தாள். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கூடைக்குள் இருந்த கோழியும் பயந்து கத்த, கோர்ட் மறுபடி வெடித்தது. மொழிபெயர்ப்பாளர் மூன்று தடவை முயன்று, நாலாவது தடவையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீதிபதிக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தார்.

நீதிபதி ஹமூங்கா வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு யோரமைப் பார்த்து, இந்தச் சைக்கிள் உன் அப்பாவுடையது என்று ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

"எப்படிங்க ஐயா சொல்றது? என்னோடதுன்னு நான் கேட்டா, லாசரஸ் திருடன்னு ஆயிடும். அவன் மண்ணுக்குள்ள கிடக்கான், பதில் சொல்ல முடியாது. அவனை நான் என்ன வேணா சொல்வேன், அதை மட்டும் சொல்ல மாட்டேன்."

லோம்பே தன் காகிதங்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

நீதிபதி தொண்டையைச் செருமினார். "எங்கப்பா செத்தப்ப எங்க முறைக்காரங்க லோசி ஆளுங்க வந்தாங்க. சாவு வீட்டிலிருந்து ஒரு காளையைப் பத்திக்கிட்டுப் போனாங்க. நான் அப்பவே மாஜிஸ்ட்ரேட். போலீசுக்குப் போகலை." இன்ஸ்பெக்டர் லிசெலியைப் பார்த்தார். லிசெலி லோசி இனம். "அந்தக் காளை இன்னும் உங்க ஊர்லதான் மேயுதுன்னு நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர்?"

"தின்னுட்டோம் ஐயா," என்றார் லிசெலி விறைப்பாக நின்று.

அரசுத் தரப்புச் சாட்சியே எடுத்தவருக்கு உரிமை இருந்தது என்று சொல்லிவிட்டதால், விசாரிக்க வழக்கே இல்லை என்று நீதிபதி எழுதினார். யோரம் ஷாவா விடுவிக்கப்படுகிறார். சைக்கிளை யாரிடம் ஒப்படைப்பது என்று லிசெலி கேட்டதற்கு, அதை வெளியே போய் முடித்துக்கொள்ளுங்கள், கோர்ட்டில் கோழி கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தாழ்வாரத்தில் ஒரே தள்ளுமுள்ளு. பானா கத்தோங்கோ கூடையை அவிழ்த்து, ஒரு புள்ளிக்கோழியை வெளியே எடுத்தாள். பத்து நாளாக மருமகனிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் கூடுகிற இடம் கோர்ட்தான் என்று கடைசியில் இங்கேயே கொண்டுவந்துவிட்டாள்.

"இந்தா, எலிதின்னி. என் சைக்கிளைக் குடு."

யோரம் கோழியை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். குரங்கு நோஞ்சானானால் இப்படித்தான் இருக்கும் என்றார். சைக்கிளை அவளிடம் தள்ளினார். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்த மறுகணம், அதே கோழியை இரண்டு கையாலும் அவள் முன்னால் நீட்டினார்.

"இது எங்கப்பன் சாவுக்கு. கொஞ்சம் தாமதமாயிடுச்சு."

கூட்டம் ஓவென்று கத்தியது. கோழி அவளிடம் திரும்பியது, சைக்கிள் அவரிடம் திரும்பியது. எல்லாம் இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்குப் போய்விட்டது, லாசரஸ் ஒருத்தரைத் தவிர. யோரம் மணியை இரண்டு தடவை அழுத்தினார். பிறகு, ஒன்றும் புரியாமல் நின்றிருந்த காசோண்டேயின் தலையிலிருந்து புதுத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். காசோண்டே கையை ஓங்கினான். அத்தை அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளைப் பார்த்தான், அவளுடைய சிரிக்கிற முகத்தைப் பார்த்தான்.

"இதுக்கும் கோழியா, அத்தை?"

"சேவலாக் கேப்பான். பேரம் பேசு."

அவன் வாய்க்குள் ஏதோ தேடினான். "எலி... எலிதின்னி," என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். முதல் தடவை என்பதால் சுமாராகத்தான் வந்தது. ஆனாலும் பெண்கள் கைதட்டினார்கள்.

லோம்பே நழுவப் பார்த்தாள். பானா கத்தோங்கோ அவளை மறித்து, ரப்பர் செருப்பைப் பார்த்தாள். யோரம் அதற்குள் சொல்லியிருக்க வேண்டும். கோழியை அவள் கையில் திணித்தாள். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் கோழி வாங்குவது முறையா என்று லோம்பேயின் சட்டப் புத்தி ஒரு கணம் தடுமாறியது.

"கொண்டு போ, பொண்ணே. பெம்பாப் பொண்ணு இப்படிக் குளியல் செருப்போட கோர்ட்டுல நின்னா எலிதின்னிங்க என்ன நினைப்பாங்க? எனக்கு வெக்கமா இருக்கு."

மழை விட்டிருந்தது. கையில் கோப்பு, கக்கத்தில் கோழி என்று லோம்பே சந்தை வழியாகவே வீட்டுக்குப் போனாள். லாக்சன் முற்றத்தில் மண்ணெண்ணெய் போட்டுக் கையிலிருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், ஆனால் அவளாகப் பேசட்டும் என்று இருந்தான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். முறைக்காரனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கமில்லை. அவள் கோழியை நீட்டினாள்.

"என் செருப்பு."

லாக்சன் கையைத் துடைத்துக்கொண்டு கோழியை வாங்கினான். எடை பார்த்தான். அலகைத் திறந்து உள்ளே பார்த்தான். "இது என்ன, காக்காவா? ஒரு செருப்புக்கு இது போதாதே."

"எலிக்குப் பழகின கைக்குக் கோழி எப்படித் தெரியும்?"

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. உள்ளே போய்ச் செருப்பைக் கொண்டுவந்தான். பட்டறையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு பாலிஷ் போட்டுத் துடைத்திருந்தான். முகம் தெரிந்தது அதில். கோர்ட்டில் நடந்ததை எல்லாம் அவள் சொல்ல, அவன் முற்றத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான். கோழியைச் சமைக்கலாமா என்று அவன் கேட்டான். வேண்டாம், ஒரே நாளில் மூன்று வீட்டை மீட்ட கோழி, இன்னும் யாருக்குத் தேவைப்படுமோ என்றாள் அவள். அது அதற்குள் காலுக்கடியில் ஈசலைக் கொத்த ஆரம்பித்திருந்தது.

லோம்பே இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நாலடி நடந்து பார்த்தாள். இடது கால் பளபளவென்று இருந்தது. வலது காலில் முந்தாநாள் செம்மண் அப்படியே காய்ந்துபோயிருந்தது.

"அடுத்த தடவை எடுத்தா, ரெண்டையும் சேர்த்து எடுங்க," என்றாள்.